அடைக்கலம் புகுந்தோரும் ஆதரித்தோரும்

வந்தாரை வாழவைத்த நாடுகளை வரலாறு போற்றுகின்றது. எனினும், வந்தவரும் வரவேற்றவரும் ஒரே சமூகமாகக் கலந்தது எவ்வாறு என்பதை அது விரித்துரைப்பது குறைவு. பிரான்சிலிருந்து ஜேர்மனியை அடைந்த ஹியூகனொட்டர் என்னும் புரட்டஸ்தாந்தரின் வரலாறு இவ்வகையில் ஆராயத்தக்கது.

நான்காம் ஹென்றி மன்னன் 1598-ஆம் ஆண்டில் நாந்த் நகரிற் பிறப்பித்த கட்டளை, கத்தோலிக்கர் மிகுந்த பிரான்சில் இம்மக்களுக்கு வழிபாட்டுரிமை அளித்தது. அவனுடைய பேரனாகிய பதினான்காம் லூயி 1685 ஒக்டோபரில் அதனை இரத்துச் செய்தான். ஆலயங்கள் இடிக்கப்பட்டன. போதகர்கள் பதினைந்து நாள்களுள் நாட்டைவிட்டு அகலுமாறு பணிக்கப்பட்டனர். ஏனையோர் வெளியேறுவதோ குற்றமாயிற்று. அகப்பட்ட ஆடவர் துடுப்புக் கப்பல்களிற் பிணிக்கப்பட்டனர். அவ்வாறிருந்தும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் எல்லை கடந்து ஒல்லாந்து, இங்கிலாந்து, சுவிற்சர்லாந்து, ஜேர்மனி முதலிய நாடுகளிற் புகலிடம் தேடினர்.

அக்காலத்திற் பிராண்டன்பேர்க்கை ஆண்டவன் பிரெடெரிக் வில்லியம். 1618 முதல் 1648 வரை நிகழ்ந்த முப்பதாண்டுப் போரினால் அவனுடைய நாட்டில் ஊர்கள் பல பாழடைந்து கிடந்தன. லூயியின் செயலைக் கேட்ட சில வாரங்களுள் அவன் பொற்ஸ்டாம் கட்டளையை வெளியிட்டான். வருவோருக்குக் கைவிடப்பட்ட வீடுகளும், அவற்றைத் திருத்தக் கட்டடப் பொருள்களும், பல ஆண்டு வரிவிலக்கும் வழங்கப்பட்டன. தம் மொழியில் வழிபடவும் தம் நீதிபதிகளிடம் வழக்குரைக்கவும் அவர்கள் உரிமை பெற்றனர். ஏறக்குறைய இருபதினாயிரம் பேர் அங்கே குடியேறினர். மன்னனும் அவர்களைப் போலக் கல்வினின் நெறியைப் பின்பற்றியவன். ஆயினும் அவனது செயலில் இரக்கம் மட்டுமன்றி, ஆளற்ற நாட்டிற்கு ஆள் சேர்க்கும் கணக்கும் இருந்தது.

உள்ளூர் மக்களோ பெரும்பாலும் லூதரன் சபையினர். போரின் துயரைத் தாங்கியவர்களும் வரி செலுத்தியவர்களும் அவர்களே. அந்நியருக்குச் சலுகைகள் குவிவதைக் கண்டு அவர்கள் மனம் புழுங்கியதில் வியப்பில்லை. கைவினைஞர் சங்கங்கள் புதியவரைப் போட்டியாளராகவே நோக்கின. அரசன் கதவைத் திறக்கலாம். அயலவரின் மனத்தைத் திறக்க ஆணையினால் இயலாது.

அம்மனத்தை மெல்ல மெல்லத் திறந்தது தொழில். காலுறை, கையுறை, தொப்பி, பட்டு ஆகியவற்றின் உற்பத்தியில் வந்தவர் வல்லவராயிருந்தனர். காய்கறித் தோட்டங்களையும் வளர்த்தனர். 1700-ஆம் ஆண்டளவில் பேர்லின் வாசிகளில் ஏறக்குறைய ஐவருள் ஒருவர் பிரெஞ்சுக்காரர். அவர்களுக்கென 1689-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சுப் பாடசாலை இன்றும் அந்நகரில் இயங்குகின்றது.

தனி ஆலயமும் தனி நீதிமன்றமும் அவர்களுக்குக் காவலாயின; அதே வேளை வேலியுமாயின. ஒரே வீதியில் வாழ்ந்த இருவர் இருவேறு சட்டங்களுக்கு உட்பட்டிருந்தனர். ஆயினும் அவ்வேலியை எவரும் வலிந்து பிடுங்கவில்லை. பேரப்பிள்ளைகள் சந்தையில் ஜேர்மன் பேசினர். கலப்பு மணங்கள் பெருகின. காலப்போக்கிற் பிரசங்கமும் ஜேர்மன் மொழிக்கு மாறியது. 1806-இல் நெப்போலியனின் படை பேர்லினுட் புகுந்தபோது, மூதாதையரின் நாடே பகை நாடாக வந்து நின்றது. 1809-இல் அவர்களுடைய தனி நிருவாகம் முடிவுற்றது. பொற்ஸ்டாம் கட்டளைக்கும் அதற்கும் இடையே 124 ஆண்டுகள் கழிந்திருந்தன.

பத்தாண்டுகளின் பின், 1819-இல், ஹியூகனொட்டர் வழிவந்த குடும்பமொன்றில் தியோடர் பொந்தானே பிறந்தார். பிராண்டன்பேர்க்கின் ஊர்களையும் ஏரிகளையும் சுற்றிப் பார்த்து, அம்மண்ணின் வரலாற்றைப் பல தொகுதிகளாக ஜேர்மன் மொழியில் எழுதியவர் அவரே. அடைக்கலம் பெற்றோரின் வழித்தோன்றல், அடைக்கலம் தந்த நாட்டை அந்நாட்டாருக்கே எடுத்துக் காட்டினார். அந்நிலையை எய்துதற்குச் சட்டத்தின் பாதுகாப்பும், உழைக்க இடமும், தம் மொழியைத் தாமாகவே மாற்றிக்கொள்ளும் அவகாசமும் அவர்களுக்குத் தேவைப்பட்டன. இவற்றுள் அரசு அளிக்கத் தயங்குவது பெரும்பாலும் இறுதியிற் கூறியதையே.