மணல்வாரிக்குப் பின் வரும் மூளை நோய்

1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த சாத்தான்குளம் வட்டாரத்தில், பிள்ளைக்கு மணல்வாரி எனும் தட்டம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவது வழக்கம். அயலார் உள்ளே வரக்கூடாது. வீட்டில் தாளிப்பு கிடையாது. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொள்வார்கள். அம்மை இறங்கியதும் ஒற்றைப்படை நாளாகப் பார்த்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். அத்துடன் நோய் தீர்ந்ததாகக் கணக்கு.

மூச்சுக்காற்றில் பரவும் நோய்க்கு ஆளை ஒதுக்கிவைத்தது நல்ல வழக்கமே. ஆனால் உடம்பில் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே கிருமி பரவத் தொடங்கிவிடுவதால், அந்தக் காப்பு அரைகுறைதான்.

தண்ணீர் ஊற்றியபின் சில பிள்ளைகளுக்கு நோய் வேறு வடிவில் தொடர்ந்தது. மணல்வாரி கண்ட ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குச் சில நாட்களிலேயே மூளை அழற்சி வரும்: வலிப்பு, நினைவிழப்பு, பிழைத்தாலும் சிலருக்குக் காது கேளாமை. இதைவிட அரிது, இதைவிடக் கொடியது எஸ்.எஸ்.பி.இ. எனும் மூளை அழற்சி. பெரும்பாலும் ஆறு முதல் பத்து ஆண்டுகள் கழித்தே அது தலைகாட்டும். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்குப் பாடம் மறக்கும், கையெழுத்து கோணும். பிறகு உடல் வெட்டிவெட்டி இழுக்கும். கையில் பிடித்தது நழுவும். பேச்சும் நடையும் போய், ஓரிரு ஆண்டுகளில் பெரும்பாலோர் இறந்துவிடுவார்கள். கைக்குழந்தையில் வந்துபோன மணல்வாரியை இந்தத் துயரத்தோடு எந்தத் தாயால் சேர்த்துப் பார்த்திருக்க முடியும்?

மருத்துவர்களுக்கும் அது எளிதாக விளங்கவில்லை. 1933இல் அமெரிக்காவின் டென்னசியில் ஜேம்ஸ் டாசன் இந்நோயை முதலில் விவரித்தபோது, அதை அக்காலத்துத் தூக்க மூளை அழற்சியின் ஒரு வகையாகவே கருதினார். நோயாளிகளின் மூளைத் திசுவிலிருந்து மணல்வாரிக் கிருமியைப் பிரித்தெடுத்தது 1969இல்தான். உருமாறிய அந்தக் கிருமி, உடலின் எதிர்ப்புச் சக்திக்குப் பிடிபடாமல் ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்ததற்கு நகர்கிறது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் 1965இல் மருத்துவக் கல்லூரி தொடங்கியதால் தாமிரபரணிக் கரை ஊர்களுக்குப் பெரிய மருத்துவம் அருகில் கிடைத்தது. இருந்தும் எஸ்.எஸ்.பி.இ.யைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை எங்கும் இல்லை. வராமல் தடுப்பது தடுப்பூசி ஒன்றே. 1985இல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்தில் மணல்வாரிக்கும் ஊசி சேர்ந்தது. இரண்டாம் தவணை 2010இல் வந்தது. 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டபோது, வாட்ஸ்அப் வதந்தியை நம்பித் தயங்கிய பெற்றோர் பலர். இரண்டு வயதுக்குள் மணல்வாரி கண்டவர்களுக்கே எஸ்.எஸ்.பி.இ. ஆபத்து மிகுதி. ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைக்கு வழக்கமாக ஊசி போடுவதில்லை. சுற்றியுள்ள பிள்ளைகள் போட்டுக்கொண்ட ஊசிதான் அதற்குக் காப்பு.