சல்லடையில் பிறந்த பெயர்

கொச்சியின் மட்டாஞ்சேரி மிளகுச் சந்தை நிலவரம் கேரளப் பத்திரிகைகளில் இரண்டு வரியாக வரும்: கார்பிள்டு, அன்கார்பிள்டு. முதலாவதற்கு விலை கூடுதல். ஏற்றுமதிச் சரக்கின் தரப்பெயரும் அதுவே: மலபார் கார்பிள்டு, சுருக்கமாக எம்ஜி-1. இன்றைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குக் குழம்பியது, சிதைந்தது என்று பொருள். சிதைந்த சரக்குக்கா கூடுதல் விலை?

சொல்லின் வேர் சல்லடையில் இருக்கிறது. அரபியில் ‘கிர்பால்’ என்றால் சல்லடை. லத்தீனில் சிறு சல்லடையைக் குறித்த ‘கிரிபெல்லும்’ என்பதிலிருந்து அது வந்திருக்கும் என்று அகராதியாளர் பலர் கருதுகிறார்கள். மிளகு போன வழியிலேயே சொல்லும் போயிற்று: அரபு வணிகரிடமிருந்து இத்தாலியருக்கு, அங்கிருந்து இங்கிலாந்துக்கு. லண்டனில் ‘கார்பிளர்’ என்பவர் நகர அதிகாரியாக இருந்தார். எந்தக் கடைக்குள்ளும் எந்தக் கிடங்குக்குள்ளும் நுழைந்து, மசாலைச் சரக்கைச் சோதித்து, தூசும் கலப்பும் நீக்க அவருக்கு அதிகாரம் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டுச் சட்ட அகராதி ஒன்று இந்தப் பதவியை அப்போதே மிகப் பழையது என்கிறது. இன்றைய தரக்கட்டுப்பாட்டு அலுவலரின் முன்னோர் இவர்தான் என்பேன்.

பிறகு பொருள் திரிந்தது. நல்லதைப் பொறுக்குவது, தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்குவதாயிற்று. ஒருவர் பேச்சில் சில வரிகளை உருவித் திரிப்பதையும் அப்படியே சொன்னார்கள். கடைசியில் மிஞ்சியது சிதைவு என்ற பொருள். ஆங்கிலம் கைவிட்ட அந்த நேர்மையான பொருளை மிளகு வணிகம் விடவில்லை. 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த அக்மார்க் தரப்பெயர்களிலும் அது நிலைபெற்றது.

அது வெறும் பெயரன்று, செய்து முடித்த வேலைக்கான சாட்சி. மிளகைக் காயவைத்து, சலித்து, முறத்தால் புடைத்து, காம்பும் கல்லும் நீக்குகிறார்கள். மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் இந்த வேலையைக் காலங்காலமாகச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். எம்ஜி-1 என்று சொல்ல வேண்டுமானால் அயற்பொருள் 0.5 சதவீதத்தையும் உள்ளீடற்ற மணி 2 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. ஒரு லிட்டர் மிளகு எத்தனை கிராம் நிற்கிறது என்றும் பார்ப்பார்கள். திரண்ட மணியானால் 550-க்கு மேலும் வரும். கழித்த மணியும் வீணாவதில்லை, மிளகின் சாரம் எடுக்கும் ஓலியோரெசின் ஆலைக்குப் போகிறது. தலச்சேரி கார்பிள்டு என்ற உயர்தரமும் சல்லடைக் கண்ணின் அளவை வைத்தே முடிவாகிறது.

ஆனால் சல்லடை பிடிக்காத கலப்படமும் உண்டு. 2012 டிசம்பரில் கொச்சிக் கிடங்குகளில் இருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகுக்கு உணவுப் பாதுகாப்புத் துறை முத்திரை வைத்தது. மணிகளின் மேல் கனிம எண்ணெய் பூசப்பட்டிருந்தது. பூஞ்சை பிடிக்காமலும் பளபளப்பாகவும் இருக்க இப்படிப் பூசுவதுண்டு. அந்த மிளகு எந்தச் சல்லடையிலும் தேறிவிடும்.

பழைய கார்பிளர் கண்ணால் கண்டதற்குத்தான் பொறுப்பேற்க முடிந்தது. இன்று ஆய்வகம் இருக்கிறது. தரப்பெயர் போட்டு மிளகு விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் எண்ணெய்ச் சோதனையின் முடிவையும் பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டும். வாங்குகிற நாமும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.