ரோடு பைக் வீல்: டிரெய்னிங்குக்கு ஒண்ணு, ரேஸுக்கு ஒண்ணு!

ரோடு பைக் வாங்கினதும் அடுத்த ஆசை, கார்பன் வீல்தான். கொஞ்சம் பொறுங்க பாஸ்! தினசரி டிரெய்னிங்குக்கு அலுமினிய ரிம், 28 ஸ்போக் போதும். ஒரு ஸ்போக் உடைஞ்சாலும் பெரும்பாலும் மெதுவா ஓட்டி வீடு சேர்ந்திடலாம். லேசான கோணலையும் கடையில் நிமிர்த்திடுவாங்க.

ரேஸுக்கு? சமதளத்தில் 50 மி.மீ உயர ரிம் காற்றைக் கிழிச்சுட்டுப் போகும். ஆனால், ஈ.சி.ஆர் மாதிரி கடலோரச் சாலையில் பக்கக் காற்று அடிச்சா, ஹேண்டில்பாரையே திருப்பும். ஒல்லியா இருக்கிறவங்க முன்சக்கரத்துக்கு 35 மி.மீ போடுறது நல்லது.

உங்க பைக்கில் டிஸ்க் இல்லாமல் ரிம் பிரேக்கா? அப்போ கார்பன் ரிம்மோட கொடைக்கானல் மலை இறங்குறது ரிஸ்க். விடாமல் பிரேக் பிடிச்சா ரிம் சூடாகி உருக்குலையும், டியூப் வெடிக்கலாம். டயரைக் கவ்வும் விளிம்பு இல்லாத ஹூக்லெஸ் ரிம்னா, அதுக்கான டயர்தான் போடணும். காற்று 72 பி.எஸ்.ஐ-யைத் தாண்டவே கூடாது.