புற்றுத்தூண்டி, கட்டியடக்கிப் பரம்பரையலகுகள்: யாழ்ப்பாணத்து வாய்ப்புற்றை முன்வைத்து

புற்றுத்தூண்டிகளும் கட்டியடக்கிகளும் கலப்பிரிவை ஆளும் பரம்பரையலகுகளின் இரு வகுப்புகள். கலத்தைப் பிரியச் சொல்லும் இயல்பான பரம்பரையலகு, விகாரமடைந்தோ பல பிரதிகளாகப் பெருகியோ ஓயாமல் அந்தக் கட்டளையையே இட்டுக்கொண்டிருந்தால் அது புற்றுத்தூண்டி. பிரிவை நிறுத்துவது, பழுதான டி.என்.ஏயைத் திருத்த அவகாசம் தருவது, திருத்த முடியாத கலத்தைத் தானே மடியச் செய்வது ஆகியவை கட்டியடக்கிகளின் வேலை. தூண்டியின் இரு பிரதிகளில் ஒன்று கெட்டாலே போதும். கட்டியடக்கியில் பெரும்பாலும் இரண்டும் கெடவேண்டும். தோட்டக் கிணற்றுப் பம்பியின் ஆளி ‘ஓன்’ நிலையில் ஒட்டிக்கொள்வது முதல்வகைக் கேடு; தொட்டி நிறைந்ததும் பம்பியை நிறுத்தவேண்டிய இரு மிதவைகளும் பழுதாவது இரண்டாவது வகை.

இந்த அறிவு கோழியில் தொடங்கியது. கோழிக்கு வரும் ஒருவகைப் புற்றை வைரஸ் கடத்துவதை 1911 இல் பேற்றன் றவுஸ் காட்டினார். அதற்குரிய நோபல் பரிசு அவருக்கு 1966 இல்தான் கிடைத்தது. அந்த வைரஸின் புற்றுப் பரம்பரையலகு உண்மையில் கோழியின் சொந்தக் கலத்திலிருந்து அள்ளப்பட்டது என்பதை 1976 இல் மைக்கல் பிஷப், ஹரோல்ட் வார்மஸ் குழுவினர் கண்டனர். நோய்க்கான வித்து வெளியிலிருந்து வரவேண்டியதில்லை, உள்ளேயே இருக்கிறது என்ற முடிவு மருத்துவத்தின் பார்வையைப் புரட்டிப்போட்டது. மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றில் ராஸ் பரம்பரையலகின் ஒரேயோர் எழுத்து மாறியிருப்பது 1982 இல் தெரியவந்தது.

கட்டியடக்கிகளின் கதை குழந்தைகளின் விழித்திரைப் புற்றிலிருந்து வருகிறது. சில குழந்தைகளுக்கு அது இளவயதிலேயே, பல வேளைகளில் இரு கண்களிலும் வருவதையும், மற்றவர்களுக்குச் சற்றுப் பிந்தி ஒரு கண்ணில் மட்டும் வருவதையும் கணக்கிட்ட அல்ஃபிரட் நட்சன், இரண்டு அடிகள் விழுந்தால்தான் நோய் வரும் என்று 1971 இல் எழுதினார். ஆய்வுகூட நுட்பம் எதுவுமின்றி, நோயாளர் பதிவேடுகளைக் கொண்டே எட்டிய முடிவு அது. 1979 இல் கண்டுபிடிக்கப்பட்ட பி53 பத்து ஆண்டுகள் புற்றுத்தூண்டியாகவே எண்ணப்பட்டது. ஆய்வாளர் கையிலிருந்த பிரதிகள் விகாரமடைந்தவை என்பது தெரிந்த பின்னரே, 1989 இல், அது கட்டியடக்கிகளின் வரிசைக்கு வந்தது. மனிதப் புற்றுகளில் ஏறத்தாழப் பாதியில் கெட்டிருப்பது இந்தப் பரம்பரையலகுதான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்விரு வகைக் கேடுகளும் சந்திக்கும் இடம் வாய். இலங்கை ஆண்களில் மிகுதியாகக் காணப்படும் புற்றுகளில் வாய்ப்புற்று முன்னிற்கிறது. புகையிலை இங்கே பழைய பணப்பயிர். தென்னம் பொச்சின் புகையில் பதமிட்ட யாழ்ப்பாணப் புகையிலை ஒருகாலத்தில் திருவிதாங்கூர்வரை கப்பலேறியது. சுருட்டும் வெற்றிலைத் தட்டமும் ஒரு தலைமுறைக்கு முன்வரை இல்லாத வீடு அரிது.

வெற்றிலைக் கூட்டின் வேதியியல் இதுதான். புகையிலையின் நிக்கோட்டினும் அதன் உறவுச் சேர்மங்களும் நைத்திரோசமைன்களாகின்றன. இவை கலத்துக்குள் மாற்றமடைந்து டி.என்.ஏயில் ஒட்டிக்கொள்ள, கலம் பிரியும்போது எழுத்துப் பிழை நிலைத்துவிடுகிறது. பாக்கின் அரெக்கோலின் உதட்டுக்கும் கன்னத்துக்கும் அடியிலுள்ள நார்ப்பொருளைத் தடிக்கச் செய்து வாயைத் திறக்கமுடியாமல் இறுக்குகிறது. சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டுவதால் பாக்கிலிருந்து டி.என்.ஏயைச் சிதைக்கும் ஒட்சிசன் மூலிகங்கள் கிளம்புகின்றன. ‘புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலைதான்’ என்று ஆறுதல் கொள்வோருக்கு இதில் இடமில்லை: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட தொகுதி, பாக்கைத் தனியாகவே மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருளென வகைப்படுத்தியது.

இந்தப் பழக்கம் எந்தப் பரம்பரையலகுகளைத் தாக்குகிறது என்பதற்கான சான்று இந்தியாவிலிருந்து வருகிறது. புகையிலை மெல்லுவோரின் வாய்ப்புற்றுக் கட்டிகள் 57 ஐ ஆராய்ந்த மும்பை ஆய்வாளர்கள், 20 இல் எச்-ராஸ் விகாரமடைந்திருந்ததாக 1991 இல் அறிவித்தனர். மேற்கு நாட்டு வாய்ப்புற்றுகளில் இது அரிது. 2013 இல் மும்பையிலும் மேற்கு வங்கத்துக் கல்யாணியிலும் உள்ள நிறுவனங்களின் கூட்டாய்வு ஈறும் கன்னமும் சார்ந்த புற்றின் விகாரப் படத்தை வெளியிட்டது. அதில் பி53, காஸ்பேஸ்-8, நொட்ச்-1, எச்-ராஸ் முதலியன முன்னின்றன. பெயர்களைவிட விகிதமே கவனிக்கத்தக்கது: இந்நான்கில் எச்-ராஸ் மட்டுமே தூண்டி. வாய்ப்புற்று பெரிதும் கட்டியடக்கிகள் இழக்கப்பட்ட நோய். தூண்டிகளின் பங்கு அதற்கு அடுத்தது.

இழப்புகள் ஒரே நாளில் நேர்வதில்லை. ஒன்பதாம் நிறமூர்த்தத்தில் உள்ள பி16 கட்டியடக்கி, புற்று தோன்றுமுன்னரே வாயில் காணப்படும் வெண்படலத்திலும் செம்படலத்திலும் அடிக்கடி மறைந்திருக்கிறது. பி53 விகாரம், சைக்கிளின் டி1 என்ற தூண்டியின் பெருக்கம் முதலியன சேரச்சேரப் படலம் புற்றாகிறது. இதற்குப் பல ஆண்டுகள் செல்லலாம். ஒரு கட்டியை வெட்டிய பின்னும் அதே வாயில் வேறிடத்தில் இன்னொன்று எழுவதற்குக் காரணம், பார்வைக்கு நல்லதாகத் தெரியும் சவ்விலும் விகாரக் கலங்கள் பரவியிருப்பதே. இவ்விகாரங்கள் பெற்றோரிடமிருந்து வந்தவையல்ல, பிள்ளைகளுக்குப் போவனவும் அல்ல. பி.ஆர்.சி.ஏ. 1, 2 பரம்பரையலகுகளின் பழுதால் குடும்பத்தில் தொடரும் மார்புப் புற்றோடு இதைக் குழப்பக்கூடாது.

கருப்பைக் கழுத்துப் புற்றில் விகாரமே இல்லாமல் கட்டியடக்கிகளின் காவல் குலைகிறது. பப்பிலோமா வைரஸின் ஈ6 புரதம் பி53 ஐ அழிக்க, ஈ7 புரதம் விழித்திரைப் புற்றோடு தொடர்புடைய ஆர்.பி. புரதத்தை முடக்குகிறது. இதற்கெதிரான தடுப்பூசி 2017 முதல் இலங்கைப் பாடசாலை மாணவியருக்கு வழங்கப்படுகிறது.

சிகிச்சையில் தூண்டிகள்தான் இலகுவான இலக்கு. மிகையாக இயங்கும் புரதத்தை மருந்தால் அடைக்கலாம்; 2001 இல் அங்கீகாரம் பெற்ற இமாற்றினிப் இப்படித்தான் நாட்பட்ட மைலோயிட் குருதிப் புற்றின் போக்கை மாற்றியது. இல்லாமற்போன கட்டியடக்கியைத் திரும்பக் கொடுப்பது கடினம். எனவே வாய்ப்புற்றுக்கு அறுவைச் சிகிச்சையும் கதிர்ச்சிகிச்சையுமே இன்றும் பிரதானம். முன்பு வடக்கு நோயாளர் கொழும்புக்கு அருகிலுள்ள மகரகமைக்குச் செல்லவேண்டியிருந்தது. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நிதி திரட்டி நடந்த நடைப்பயணத்தின் பயனாகத் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது.

புகைக்காமல் பயன்படுத்தும் புகையிலைக் கலவைகள்மீது இலங்கை 2016 இல் தடை கொண்டுவந்தது. கொட்டைப்பாக்கு இன்றும் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. வெற்றிலை போடுபவர் எவராயினும், மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளை, சிவப்புப் படலமோ வாயில் இருந்தால், நோவில்லையே என்று பொறுத்திராமல் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் பல் வைத்தியரிடம் காட்டவேண்டும்.