பெற்றவளைப் பேணுதல்



தமிழ்நாட்டுப் பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்களை நீங்கள் கண்டிருக்கலாம். நிமிர்ந்து நிற்கும் இரண்டு கற்களின்மேல் மற்றொரு கல் கிடத்தப்பட்டிருக்கும். தலைச்சுமையோடு வரும் வழிப்போக்கர், பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்கு அமைந்தவை அவை. வயிற்றுச் சுமையை இறக்காமலே உயிர் துறந்த பெண்ணின் நினைவாக இத்தகைய கற்களை நாட்டுவது நம் முன்னோர் வழக்கம். போர்க்களத்தில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நட்ட நாடு, பேறுகாலத்தில் மாய்ந்த பெண்ணையும் மறந்துவிடவில்லை. ஆனால் இறந்தவளை நினைப்பது வேறு. பிழைத்தவளைப் பேணுவது வேறு. பிள்ளையைப் பெற்றெடுத்த தாய்க்கு என்னென்ன வேண்டும், அவற்றை யார் தர வேண்டும் என்னும் கேள்விக்குத் தமிழகம் கண்ட விடைகளின் வரலாற்றையே இன்று காணப்போகிறோம். அவ்வரலாற்றின் சிறந்த பகுதி புதுக்கோட்டை மண்ணோடு தொடர்புடையது.

நம் மொழியில் ‘புனிறு’ என்றொரு பழஞ்சொல் உண்டு. பிள்ளை பெற்ற அண்மைக் காலத்தை அது குறிக்கும் என்பது தொல்காப்பிய உரியியலால் விளங்கும். அந்தச் சில நாட்களுக்கென ஒரு தனிச்சொல்லை ஆக்கி வைத்தவர்கள், அந்நாட்களின் அருமையை உணர்ந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். நற்றிணையின் நாற்பதாம் பாட்டு அத்தகைய வீடு ஒன்றைக் காட்டுகிறது. வாயிலில் காவல் இருக்கிறது. முற்றத்தில் புதுமணல் பரப்பப்பட்டிருக்கிறது. மெல்லிய விரிப்பின்மேல் செவிலியோடு குழந்தை உறங்குகிறது. வெண்கடுகு அப்பி, நெய் பூசிய மேனியளாய்த் தாய் கண்மூடித் துயில்கிறாள். குழந்தையை ஒருத்தி பார்த்துக்கொள்ள, பெற்றவள் உறங்குவதைப் புலவர் குறிக்கத் தவறவில்லை. தூய்மை, மென்மையான படுக்கை, உடம்புக்கு நெய், அருகில் துணை, தடையற்ற உறக்கம் ஆகிய ஐந்தையும் அப்பாட்டிலே நாம் காண்கிறோம்.

இலக்கியம் காட்டிய அந்த வீட்டை நம் ஊர்ப்புறங்களிலும் பார்க்கலாம். தலைப்பிள்ளைப் பேற்றுக்கு மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது நம் வழக்கம். பிள்ளை பெற்றவளைப் ‘பச்சை உடம்புக்காரி’ என்பர். ஆறாத புண்ணைச் சுமந்த உடம்பு என்பதே அதன் பொருள். வேப்பிலையோ நொச்சியிலையோ இட்டுக் காய்ச்சிய வெந்நீரில் குளிப்பாட்டுவர். தளர்ந்த வயிற்றைத் துணியால் கட்டுவர். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பூண்டு முதலியவற்றைப் பனைவெல்லத்தோடு கிளறிப் பேறுகால மருந்து உருட்டித் தருவர். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் பால் பெருகுவதற்கெனச் சுறாப்புட்டு ஆக்கிக் கொடுப்பர். நாற்பது நாள் அவளிடம் வேலை வாங்குவதில்லை என்பது நல்ல குடும்பங்களின் மரபு. விரிந்த கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும் என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. நம் பாட்டிமார் நாளெண்ணிச் சொன்ன கணக்கும் அதற்கு அருகிலேயே நிற்பது வியப்பன்றோ?

எனினும், பழமை என்பதற்காக எல்லாவற்றையும் போற்றிவிடுதல் அறிவுடைமை ஆகாது. தாகத்தால் தவிப்பவளுக்கு நீரை மறுத்தவர்கள் உண்டு. பாலூட்டும் தாய்க்கு நீர் மிகுதியாகத் தேவை என்பதை அவர்கள் அறியவில்லை. தீட்டு என்று சொல்லிக் காற்றும் வெளிச்சமும் புகாத அறையில் அவளை ஒதுக்கி வைத்தனர். முதலில் சுரக்கும் சீம்பாலை ஆகாதென்று பீச்சி எறிந்துவிட்டுக் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்தனர். நோயை எதிர்க்கும் ஆற்றலைச் சேய்க்குத் தரும் முதல் மருந்து அந்தச் சீம்பாலே ஆகும். இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. நாற்பது நாள் ஓய்வு என்பது வசதி உடையவர்க்கே வாய்த்தது. நாற்று நடவும் களை எடுக்கவும் கூலிக்குச் சென்றவள், சில நாட்களிலேயே மரக்கிளையில் தூளி கட்டிப் பிள்ளையைக் கிடத்திவிட்டு வேலையில் இறங்கினாள். அவளுக்குப் பத்தியம் சொல்ல ஆள் உண்டு. பத்தியச் சோற்றுக்குப் பணம் இல்லை.

அறியாமை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் பெரும்புகழ் பெற்ற வியன்னா மருத்துவமனையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பேறுகாலக் காய்ச்சலால் தாய்மார் கூட்டம் கூட்டமாக மடிந்தனர். அங்கே இரண்டு பேறுகாலப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர் பயின்ற பிரிவில் சாவு மிகுதி. மருத்துவச்சியர் பயின்ற பிரிவில் குறைவு. இதன் காரணத்தை ஆராய்ந்த செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிணங்களை அறுத்து ஆய்ந்த கைகளுடனேயே மாணவர்கள் தாய்மாரைத் தொடுகிறார்கள் என்று கண்டார். குளோரின் கலந்த நீரில் கைகழுவிய பின்னரே உள்ளே வரவேண்டும் என்று 1847ஆம் ஆண்டு மே மாதத்தில் கட்டளையிட்டார். அதற்கு முந்திய மாதத்தில் 100 தாய்மாருக்கு 18 பேர் என்றிருந்த சாவு, ஜூன் மாதத்தில் ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது. கைகழுவுதல் என்னும் எளிய செயல் அத்தனை உயிர்களைக் காத்தது. ஆயினும் அவர் காலத்து அறிஞர் பலர் அவர் சொல்லை ஏற்கவில்லை. 1865இல் அவர் மறைந்த பின்னரே உலகம் அவ்வுண்மையை முழுமையாக ஏற்றுக்கொண்டது.

தமிழகத்தில் மற்றொரு தடை இருந்தது. சென்னை எழும்பூரில் 1844ஆம் ஆண்டிலேயே பேறுகால மருத்துவமனை தோன்றிவிட்டது. ஆனால் ஆண் மருத்துவரிடம் தம் வீட்டுப் பெண்களைக் காட்டுவதற்குப் பல குடும்பத்தார் இசையவில்லை. அத்தகைய பெண்களுக்கெனவே 1885இல் மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவரின் முயற்சியால் சென்னையில் தனி மருத்துவமனை ஒன்று ஏற்பட்டது. எனினும் சிற்றூர்களின் நிலை மாறவில்லை. அந்நூற்றாண்டின் இறுதியில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆடவர், பேற்று வலியால் துடிக்கும் தம் மனைவியரைக் காக்குமாறு ஐடா ஸ்கட்டர் என்னும் இளநங்கையை வேண்டினர். அவருடைய தந்தையார் மருத்துவர்; ஆயினும் ஆடவர் ஆதலின் அவரை அழைக்க மூவரும் மறுத்தனர். ஐடாவோ மருத்துவம் கல்லாதவர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அந்த மூன்று சாவுகளே ஐடாவை மருத்துவம் கற்கச் செய்தன. 1918இல் அவர் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார். பேறுகாலத்தில் பெண்ணைக் காப்பதற்கு முதலில் பெண்ணுக்குக் கல்வி வேண்டும் என்பது இதனால் விளங்கவில்லையா?

இந்த இடத்தில்தான் புதுக்கோட்டை வரலாற்றுக்குள் நுழைகிறது. 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி. தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்விப் பணியில் இருந்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். மகளிர் கல்லூரிக்குச் செல்வதைக் கனவிலும் கருதாத காலம் அது. மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டபோது, பெண் என்பதற்காகவும் பிறந்த குலத்திற்காகவும் எதிர்ப்பு எழுந்தது. அதனைப் பொருட்படுத்தாமல் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவரைச் சேர்த்துக்கொள்ளச் செய்து, உதவித்தொகையும் அளித்தார். மன்னர் செய்த அறங்கள் பல இருக்கலாம். ஒரு பெண்ணுக்குக் கல்லூரிக் கதவைத் திறந்துவிட்ட அச்செயல், பின்னாளில் எண்ணற்ற தாய்மாருக்கு நிழலாயிற்று.

முத்துலட்சுமி 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்று, எழும்பூர் மருத்துவமனையில் மருத்துவராகப் பணியாற்றினார். 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும் என்னும் உறுதிமொழியைப் பெற்ற பின்னரே மணத்துக்கு உடன்பட்டார். 1925இல் மகளிர், குழந்தைகள் நோய்களில் உயர்பயிற்சி பெற இங்கிலாந்து சென்றார். அடுத்த ஆண்டில் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். மருத்துவமனைக் கட்டிலருகே கண்டறிந்ததை அவர் சட்டமன்றத்தில் எடுத்துரைத்தார். மகளிருக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். பிள்ளைப் பருவத்து மணத்தைத் தடுக்கும் 1929ஆம் ஆண்டுச் சாரதா சட்டத்துக்கு ஆதரவு திரட்டினார். உடல் முதிராத சிறுமி தாயாவதால் விளையும் கேட்டை மருத்துவர் என்ற முறையில் அவர் நன்கு உணர்ந்தவர். 1930இல் காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்துப் பதவி துறந்தார். அவ்வை இல்லம், அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை ஆகியவை அவர் நட்ட மரங்கள். 1968இல் அவர் மறைந்தார். அவர் பிறந்த நாளை மருத்துவமனை நாளாகக் கொண்டாடத் தமிழ்நாடு அரசு 2019இல் முடிவு செய்தது.

மருத்துவர் கிடைத்தார், மருத்துவமனை கிடைத்தது. ஓய்வு எங்ஙனம் கிடைக்கும்? உழைத்தால்தான் கூலி, கூலி வந்தால்தான் சோறு என்றிருக்கும் தாய்க்கு, ‘படுத்து இளைப்பாறு’ என்று அறிவுரை கூறுவதால் பயன் என்ன? 1919இல் வாஷிங்டனில் கூடிய முதலாவது சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பேற்றுக்குப் பின் ஆறு வாரம் தாயை வேலை வாங்கலாகாது என்றும், அக்காலத்துக்கு உதவித்தொகை தரவேண்டும் என்றும் விதித்தது. இந்தியாவில் பம்பாய் மாகாணம் 1929இலும், சென்னை மாகாணம் 1934இலும் ஆலைப் பெண்களுக்காகச் சட்டம் இயற்றின. நாடு முழுமைக்குமான மகப்பேற்றுப் பயன் சட்டம் 1961இல் வந்தது. அது 12 வார விடுப்பு அளித்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 26 வாரமாக உயர்த்தியது. ஆனால் இச்சட்டங்களெல்லாம் ஆலையிலும் அலுவலகத்திலும் வேலை பார்ப்பவர்க்கே பெரிதும் பயன்பட்டன. புதுக்கோட்டை வட்டாரத்தில் கண்மாய்ப் பாசன வயலிலே களை எடுக்கும் பெண்ணுக்கு விடுப்பு எழுதிக்கொடுக்க மேலாளர் யார்?

அவளுக்காகவே தமிழ்நாட்டில் 1987இல் மகப்பேற்று நிதியுதவி தொடங்கப்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் தாங்கி விளங்கும் திட்டம் அதுவே. முதலில் 300 ரூபாயாக இருந்த உதவி, 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 ரூபாய் என வளர்ந்தது. இழந்த கூலியை ஈடு செய்வதும், சத்துள்ள உணவுக்கு வழி காண்பதும் அதன் நோக்கங்கள். 18,000 ரூபாயில் 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவே கொடுத்தனர். அப்பெட்டகத்தில் சத்துமாவு, இரும்புச்சத்து மருந்து, பேரீச்சம்பழம் முதலியவற்றோடு நெய்யும் இடம்பெற்றது. அரசு மருத்துவமனைத் தாய்மாருக்கென 2015இல் வழங்கத் தொடங்கிய மற்றொரு பெட்டகத்தில், சுக்கினாலாகிய சௌபாக்கிய சுண்டி லேகியமும் இருந்தது. நற்றிணைத் தாயின் நெய்யும் பாட்டியின் சுக்கும் அரசாங்கப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தன. முன்பு செல்வர் வீட்டு மகளுக்குத் தாயன்பால் கிடைத்தது, இப்போது ஏழை மகளுக்கு உரிமையால் கிடைக்கிறது. இம்மாற்றமே இவ்வரலாற்றின் சாரம்.

இதன் பயன் எண்களிலும் தெரிகிறது. 2018 முதல் 2020 வரையிலான கணக்கெடுப்பின்படி, ஒரு இலட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கும்போது மாண்ட தாய்மார் இந்தியாவில் 97 பேர். தமிழ்நாட்டில் 54 பேர். ஐம்பத்து நான்கு சிறிய எண்ணாகத் தோன்றலாம். தாயை இழந்த வீட்டுக்கு அந்த எண் ஒன்றே. அந்த ஒன்றே அனைத்தும்.

ஆதலின் பணி முடிந்துவிடவில்லை. நிதியுதவித் திட்டம் முதல் இரண்டு பேறுகளுக்கே வகுக்கப்பட்டது. மூன்றாம் பிள்ளையைப் பெற்றவளுக்கும் இரத்தம் அதே அளவில்தான் இழப்பாகிறது. பிறந்த பின் குறைந்தது 24 மணி நேரம் தாயும் சேயும் மருத்துவப் பார்வையில் இருக்கவேண்டும் என்றும், ஆறு வாரத்துக்குள் மேலும் மூன்று முறையேனும் அவர்களைப் பார்க்கவேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிவுறுத்தியது. உடம்பைப் போலவே மனத்தையும் பார்க்கச் சொன்னது. காரணம் அறியாமல் அழுதும், உறக்கமின்றியும், பிள்ளையைக் காணவும் விருப்பமின்றியும் வாடும் தாய்மார் உண்டு. அதனைப் பிடிவாதம் என்றும், பேய்க்கோளாறு என்றும் பழித்தல் கூடாது. அது நோய், மருத்துவரிடம் காட்டினால் தீரும்.

மாணவர்களே, சட்டம் விடுப்பைத் தரலாம். கருவூலம் பணத்தைத் தரலாம். இரவு இரண்டு மணிக்கு அழும் குழந்தையை வாங்கிக்கொண்டு, ‘நீ சிறிது கண்ணயர்’ என்று சொல்வதை எந்த அரசாங்கமும் செய்ய இயலாது. அதை வீட்டார்தாம் செய்ய வேண்டும். உங்கள் அக்காளோ அண்ணியோ பிள்ளை பெற்று வீட்டிலிருந்தால், குழந்தையைக் காண ஓடுவதற்கு முன் கைகளைக் கழுவுங்கள். பெற்றவளுக்கு ஒரு குவளை நீர் கொண்டுபோய்க் கொடுங்கள். ‘குழந்தை எப்படி இருக்கிறது?’ என்று எல்லாரும் கேட்பார்கள். ‘நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?’ என்று அவளைக் கேளுங்கள். இது பெண்களின் வேலை என்று ஆண்பிள்ளைகள் ஒதுங்க வேண்டா. பிள்ளை பெறுவது ஒன்றே பெண்ணால் மட்டும் ஆவது. பெற்றவளைப் பேணுவது எல்லாராலும் ஆவது.