ஐந்து நாட்களில் கடல்: கௌசிகா நதியும் ஒரு கண்ணாடிக் குப்பியும்

விருதுநகர் மாவட்ட வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஆறுகளின் பெயரையும் ஊர்களின் பெயரையும் வாசித்துக்கொண்டே போவது என் பழைய பழக்கங்களில் ஒன்று. சிவகாசியை ஒட்டித் திருத்தங்கல். தண்கால் என்ற பழம்பெயரோடு சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் வரும் ஊர், வார்த்திகன் கதை நிகழும் இடம். பெயரிலேயே குளிர்ச்சி இருக்கிறது. சாத்தூர் வட்டாரத்துக்கு வந்தால் உப்பத்தூர் என்றொரு ஊர்; சிந்தப்பள்ளி உப்போடை என்றொரு நீரோடை, அதுவும் வைப்பாற்றுக்குத் தண்ணீர் கொண்டுவருவது. எவரோ குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்து, முகம் சுளித்து, பின்னால் வருகிறவனுக்குச் சொல்லி வைத்த செய்தி அது. நீரின் தரத்தை ஆராய்ந்து பதிவு செய்யும் வேலை நம் நாட்டில் ஊர்ப்பெயரில் தொடங்கியது என்று சொன்னால் மிகையாகாது என்றே நினைக்கிறேன். நன்னீர், உவர்நீர், சவர்த்தண்ணீர் என்று நாக்கு பிரித்தறிந்ததையெல்லாம் மொழி வாங்கி வைத்துக்கொண்டது.

நாக்குக்கு எட்டாத அழுக்கு வந்த பிறகுதான் கண்ணாடிக் குப்பி வந்தது. அதன் கதை லண்டனில் தொடங்குகிறது.

1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதி நாறிய நாற்றத்தில் கரையிலிருந்த பாராளுமன்றமே திணறியது. பிறகு கழிவுநீரை நகருக்குக் கீழே, கழிமுகம் நோக்கிக் கொண்டுபோகும் பெருங்கால்வாய்கள் கட்டப்பட்டன. ஆனால் எவ்வளவு அழுக்கை ஓர் ஆறு தாங்கும் என்ற கேள்வி தீரவில்லை. 1898இல் அமைந்த அரச ஆணையம் ஒன்று அக்கேள்வியோடு பல ஆண்டுகள் மல்லாடி, 1912இல் வெளியிட்ட எட்டாம் அறிக்கையில் ஒரு விடை சொன்னது. நீரை ஒரு குப்பியில் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி மூடி, ஐந்து நாட்கள் வைத்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று, அதற்காகக் கரைந்திருக்கும் ஆக்சிஜனைச் செலவழிக்கும். முதல் நாளும் ஐந்தாம் நாளும் ஆக்சிஜனை அளந்தால், குறைந்த அளவே அழுக்கின் அளவு. இதையே இன்று பி.ஓ.டி., உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, என்கிறோம். ஆக்சிஜனை அளக்கும் வழியை ஹங்கேரியரான விங்க்ளர் 1888இலேயே கண்டுபிடித்திருந்தார். மாவுக்கரைசலின் நீலம் சட்டென்று மறையும் அந்தக் கணத்தை ஆய்வகத்தில் ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

அது ஏன் ஐந்து நாட்கள்? பிரிட்டனின் ஆறுகள் எதுவும் கடலை அடைய ஐந்து நாட்களுக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஐந்து நாட்களுக்குப் பிறகு அழுக்கு கடலின் பாடு. லிட்டருக்கு 20 மில்லிகிராம் வரை பி.ஓ.டி. உள்ள கழிவுநீரை ஆற்றில் விடலாம் என்றது ஆணையம். அதற்குப் பின்னால் ஓர் அனுமானம் இருந்தது: அக்கழிவுநீரைப் போல எட்டு மடங்கு தூய ஆற்றுநீர் அங்கே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

1912இல் அந்த அறிக்கை வந்தது. 1915இல் விருதுபட்டி நகராட்சியாயிற்று. 1923இல் விருதுநகர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே இருபதுகளில் பக்கத்துச் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் காலூன்றியது. விருதுநகரின் ஆறு கௌசிகா. (கோயம்புத்தூருக்கும் ஒரு கௌசிகா நதி உண்டு, அது நொய்யலில் கலப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) வடமலைக்குறிச்சிக் கண்மாய்ப் பக்கத்திலிருந்து வரும் நம் கௌசிகா, நகருக்குள் நுழைந்து நகரின் சாக்கடையை வாங்கிக்கொண்டு வெளியேறி, குல்லூர்சந்தை நீர்த்தேக்கத்தில் போய் நிற்கிறது. மழைக்காலம் தவிர்த்த மாதங்களில் அதில் ஓடுவதே கழிவுநீர்தான். எட்டு மடங்கு தூயநீருக்கு எங்கே போவது? ஐந்து நாட்களில் கடல் என்ற கணக்கும் இங்கே செல்லாது. அணையில் தேங்கிய நீர் ஐந்து நாட்களல்ல, அடுத்த பெருமழை வரை அங்கேயே கிடக்கிறது. அதன்மேல் ஆகாயத்தாமரை படர்கிறது. அதை நம்பிப் பாசனம் செய்ய வேண்டியவர்கள் கீழே இருக்கிறார்கள்.

பெருமழை வந்தால் கௌசிகா அர்ச்சுனா நதியில் சேரும். அர்ச்சுனா இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கூடும். இரு கங்கைகள் கூடும் குடி என்று ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். ஆடிக் கடைசி வெள்ளியன்று மாரியம்மனைக் காணக் கூட்டம் அலைமோதும் இடம். விருதுநகர் குடிக்கும் நீரில் ஒரு பங்கு அதே அர்ச்சுனாவின் மேலே, ஆனைக்குட்டம் அணைப்பக்கத்திலிருந்து வருகிறது. ஊர் ஓர் ஆற்றில் குடித்து இன்னோர் ஆற்றில் கழிக்கிறது. கீழே இரண்டும் ஒன்றாகின்றன.

இந்தியாவில் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, ஐ.நா.வின் உலகளாவிய கண்காணிப்புத் திட்டத்தின் பகுதியாக ஆற்றுநீரைத் தொடர்ச்சியாகச் சோதிப்பது தொடங்கியது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. குப்பியும் நம் வெயிலுக்கேற்ப மாறிற்று: 20 பாகையில் ஐந்து நாட்கள் என்பதற்குப் பதில் 27 பாகையில் மூன்று நாட்கள் என்று 1993ஆம் ஆண்டு இந்தியத் தரம் சொல்கிறது. வெப்பநாட்டில் நுண்ணுயிர்கள் விரைந்து உண்ணும் என்பதே காரணம். நாட்கணக்கைத் திருத்தினார்கள் சரி. ஆறு ஓடிக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கையை எவரும் திருத்தவில்லை.

சென்னைக் கூவத்தில் சிக்கல் வேறு விதமானது. 1870களில் துறைமுகம் கட்டத் தொடங்கியபின் கடற்கரையோரம் நகரும் மணல் தெற்கே ஒதுங்கிற்று. அது மெரினாவை அகலமாக்கியது. கூவத்தின் வாயையும் அடைக்கிறது. வாய் திறந்திருக்கும்போது ஏற்றத்தில் கடல்நீர் உள்ளே வரும், இறக்கத்தில் சாக்கடை வெளியே போகும். ஒரே பாலத்தின் மேல் நின்று ஒரே வாளியைக் காலையிலும் மாலையிலும் இறக்கினால் இரண்டு ஆறுகள் கிடைக்கும். எனவே கழிமுகத்தில் மாதிரி எடுப்பவர் நேரத்தோடு ஓதத்தின் நிலையையும் உப்பின் அளவையும் எழுதி வைக்க வேண்டும்; அவையின்றி மற்ற எண்கள் பொருளற்றவை. உப்பிலுள்ள குளோரைடு வேறொரு சோதனையான சி.ஓ.டி.யின் கணக்கையும் குழப்பிவிடும். இத்தனை தொல்லைக்கும் நடுவே கூவம் அளக்கப்பட்டது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022இல் வெளியிட்ட பட்டியலில் ஆவடி முதல் சத்யா நகர் வரையிலான கூவத்தின் பி.ஓ.டி. லிட்டருக்கு 345 மில்லிகிராம். நாட்டிலேயே மிக அதிகம். குளிக்கத் தக்க நீருக்கு 3 மில்லிகிராமே எல்லை.

அப்பட்டியலில் தமிழ்நாட்டின் பத்து ஆறுகள் இருக்கின்றன. காவிரி, பாலாறு, தாமிரபரணி, சேலத்துத் திருமணிமுத்தாறு எல்லாம் உண்டு. வைப்பாறு இல்லை, அர்ச்சுனாவும் கௌசிகாவும் இல்லை. இதைப் பார்த்து விருதுநகர்க்காரர்கள் மகிழ்ந்துவிடக்கூடாது. அளவெடுத்த இடங்களிலிருந்தே பட்டியல் பிறக்கிறது. இருக்கன்குடியில் மத்திய நீர்வள ஆணையத்தின் நிலையம் இருக்கிறது. வெள்ளம் எவ்வளவு வருகிறது என்று அங்கே கணக்கெடுக்கிறார்கள். மிகுந்த நாட்கள் வறண்டு கிடக்கும் ஆற்றுக்கு அந்தக் கணக்கே முதன்மையாகப் பட்டிருக்கும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. குப்பிச் சோதனையில் அகப்படுவது அழுகக்கூடிய அழுக்கு மட்டுமே. பட்டாசு வட்டாரத்தின் சரக்குகள் அழுகுவதில்லை. பட்டாசில் சேரும் பெர்குளோரேட் எவ்வுயிர்க்கும் எளிதில் உணவாவதில்லை. மண்ணில் ஒட்டாமல் நிலத்தடி நீரோடு நகரும். உடலில் சேர்ந்தால் தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்பதைத் தடுக்கும். சிவகாசிப் பகுதிக் கிணற்றுநீரைச் சோதித்த ஜப்பானிய, இந்திய ஆய்வாளர்களின் கட்டுரை 2013இல் வெளிவந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை எச்சரிக்கை அளவாக வைத்திருந்த லிட்டருக்கு 15 மைக்ரோகிராமை, பட்டாசு ஆலைகளுள்ள பகுதியின் சில மாதிரிகள் தாண்டியிருந்தன. பச்சை ஒளிக்காகச் சேர்க்கப்படும் பேரியத்தின் உப்புகளை 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பட்டாசில் தடைசெய்தது. அத்தடைக்குக் காற்று மாசு வழக்கே காரணம், தண்ணீர் அன்று. பெர்குளோரேட் மிகுந்த ஒரு கிணற்றுநீரை பி.ஓ.டி. குப்பியில் நிரப்பி வைத்தால், மூன்றாம் நாள் திறக்கையில் ஆக்சிஜன் ஏறக்குறைய அப்படியே இருக்கும். சோதனைத்தாளில் தூயநீர் என்றே எண் விழும். நாக்கிலும் அது கரிக்காது.

வைப்பாறு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ஓடி, விளாத்திகுளத்துக்குக் கிழக்கே, தன் பெயரையே கொண்ட வைப்பார் என்ற ஊருக்கருகில் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. மேலிருந்து நீர் வராத மாதங்களில் அக்கழிமுகத்தில் நிற்பது கடல்நீர்தான். விருதுநகரின் அழுக்கைத் தேடி அங்கே வாளியை இறக்குபவருக்கு உப்பு மட்டுமே கிடைக்கும். அவர் ஆற்றின் வழியே ஏறி, இருக்கன்குடியையும் கோல்வார்பட்டியையும் கடந்து, குல்லூர்சந்தைக்கு வரவேண்டும்.