தட்டப்பாறை முதல் கோபாலசமுத்திரம் வரை

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட நெல்லைச் சீமைக் குடும்பங்களைத் தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறை முகாமில் தங்கவைத்து, நோய்ச் சோதனை முடித்து வெள்ளைக்காரர்கள் கப்பலேற்றிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அதே கடலைத் தாண்டி எதிர்த்திசையில் ஈழத் தமிழர்கள் அகதிகளாக வந்தார்கள்.

மன்னார்க் கரையில் இருட்டில் படகேறியவர்களைத் தனுஷ்கோடிக்கு அப்பால் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் படகுக்காரர் திரும்பிவிடுவதும் உண்டு. விடிந்தால் நிழல் கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது. மீனவரோ கடற்படையோ கண்ணில் படும்வரை பிள்ளைகளை முந்தானையில் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மத்திய அரசின் கணக்குப்படி 2012 வரை தமிழகம் வந்து சேர்ந்தவர்கள் 3,04,269 பேர்.

மண்டபம் முகாமில் பதிவு முடிந்ததும் மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். பத்தமடைக்குப் பக்கத்துக் கோபாலசமுத்திரத்திலும் முகாம் எழுந்தது. முகாம் என்றால் பத்தடிக்குப் பத்தடி அறையில் ஒரு குடும்பம். ஆண்கள் பெயின்ட் வேலைக்குப் போனார்கள். அதிகாரிகள் கணக்கெடுக்க வரும் நாளில் வேலையை விட்டுவிட்டு நேரில் நின்றால்தான் அரசின் பணக்கொடை.

பிள்ளைகளுக்கு இருந்த ஒரே பிடிமானம் படிப்பு. ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் மாலை வகுப்பு நடத்தியது, சொல்லிக்கொடுத்தவர்களும் அகதிகளே. 1991-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் அகதிப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவுகள் சாத்தப்பட்டன. 1996-க்குப் பிறகே திறந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. குண்டுக்குத் தப்பி, கடலுக்குத் தப்பி, பாடப்புத்தகத்தை விடாமல் பிடித்து வந்த பிள்ளைகளில் பலர் அப்பாவின் பிரஷ்ஷையே கையில் எடுத்தார்கள். யார் செய்த குற்றத்துக்கோ இவர்களுக்குத் தண்டனை.

2021-ல் தமிழக அரசு முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தர முன்வந்தது. குடியுரிமைதான் கைக்கு எட்டவில்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பால் இந்தியர். அதைக் காட்டி வழக்காடி வென்ற, மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் வாக்களித்தார். அந்தத் தேதிக்குப் பின் பிறந்து, நெல்லைப் பள்ளிகளில் படித்து, இங்கேயே கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்றவர்களுக்கு இந்த வழி கிடையாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையின் பெயர் இல்லை. தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களை இந்தியர் என்று ஏற்க தில்லி இன்னும் எதற்குத் தயங்குகிறது?

(தொடரும்)